மை தங்கும் குழி

ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நம்மிடையே மிகச் சிலர். அச்சில் வந்த படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இல்லை. இது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே பட்டிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் நல்ல ஓவியம் ஒன்றின் அசலை அருகில் நின்று பார்த்ததில்லை. ரவிவர்மாவை நாம் அறிந்தது அச்சில். காந்தியின் முகத்தை அறிந்தது அச்சில். பாரதியின் மீசையையும் தலைப்பாகையையும் அறிந்ததும் அச்சில்தான். நம் கண்ணின் ரசனை முழுவதும் பிரதிகளைப் பார்த்து வளர்ந்த ரசனை. அப்படியிருக்க, ஒரு பிரதி உயிரோடு வருவதும் இன்னொன்று செத்துப் பிறப்பதும் எதனால் என்று கேட்காமலேயே காலம் கழித்துவிட்டோம்.

படம் சரியில்லை என்றால் ஓவியனைக் குறை சொல்கிறோம். அவனை விட்டால் "அச்சு மோசம்" என்ற ஒரு வார்த்தையில் விஷயத்தை முடித்துவிடுகிறோம். அச்சில் எது மோசம்? படத்தைத் தாங்கிய உருளையா, அதை வாங்கிக்கொண்ட தாளா, நடுவில் ஓடிய மையா, அதைத் துடைத்த கத்தியா? "கதை மோசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிறவரை நாம் விமர்சகர் என்று ஒப்புக்கொள்வதில்லை. எந்த இடத்தில் மோசம், ஏன் மோசம் என்று கேட்கிறோம். படத்துக்கும் அந்த மரியாதையைக் காட்டவேண்டும் என்பது என் கட்சி.

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓவியக் கூடம் கிடையாது. சித்திரக் கண்காட்சி வருவதில்லை. ஆனால் கடைத்தெருவில் எந்தப் பெட்டிக்கடை முன்னால் நின்றாலும் தலைக்கு மேலே சரம் சரமாகப் படங்கள் தொங்குகின்றன. ஷாம்பு, சீயக்காய், காப்பித்தூள், ஊறுகாய், சோப்புத்தூள் எல்லாமே சின்னச் சின்னப் பாக்கெட்டுகளில் வருகின்றன. பாக்கெட்டுக்கு ஒரு படம். பலவற்றில் ஒரு பெண்ணின் முகம். ஒரே முகம் மேலிருந்து கீழாகப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை சிரிக்கிறது. இந்தக் காலத்துத் தமிழ்க் கிராமத்தின் சித்திரசாலை இதுதான். இந்தச் சித்திரசாலைக்கு இந்த ஜில்லாவோடு பிறப்புத் தொடர்பும் உண்டு. பெரிய புட்டிகளில் விற்ற பொருளைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் விற்கலாம் என்று கண்டுகொண்ட முன்னோடிகளில் ஒருவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் கடலூரில் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு வியாபாரம்.

நம் நாட்டில் இத்தகைய பாக்கெட்டுகளில் பெரும்பகுதி அச்சாவது கிராவ்யூர் என்ற முறையில். தமிழில் குழியச்சு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கம்மாபுரத்து மனிதர் ஒருவர் ஒரு நாளில் பார்க்கிற படங்களில் எத்தனையோ குழியச்சில் வந்தவை. ஆகவே அதைப் பற்றிப் பேசுவது அவசியம். பேசுவதற்கு அதன் லட்சணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

அச்சு முறைகளை மேடு, சமதளம், குழி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். மேட்டுக்கு உதாரணம் தபாலாபீஸ் ரப்பர் ஸ்டாம்ப். மேடாக நிற்பது மையைத் தொட்டுத் தாளில் பதிகிறது. அந்தக் காலத்து ஈய எழுத்தும் பிளாக்கும் இந்த ஜாதி. சமதளத்துக்கு உதாரணம் சிவகாசிக் காலண்டர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்ற ஒரே உண்மையை வைத்துக்கொண்டு, மேடு பள்ளம் இல்லாத தகட்டில் மை ஒட்டும் இடத்தையும் ஒட்டாத இடத்தையும் பிரித்துவிடுகிறார்கள். குழியச்சு இரண்டுக்கும் மாறானது. வாசகர்கள் ஒரு பணியாரச் சட்டியை நினைத்துக்கொள்ளட்டும். சட்டியின் மேல் மாவை வழிய ஊற்றி, ஒரு பட்டையான கரண்டியால் மேற்பரப்பை வழித்துவிட்டால் குழிகளில் மட்டும் மாவு நிற்கும். செப்புப் பூசிய உருளை ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைத் தோண்டி, அதை மைத் தொட்டியில் சுழலவிட்டு, ஒரு மெல்லிய எஃகுக் கத்தியால் மேலே உள்ள மையை வழித்துவிட்டுத் தாளை அதன்மேல் அழுத்தினால், குழியில் நின்ற மை தாளுக்கு வந்துவிடுகிறது. கத்திக்குத் தொழிலில் டாக்டர் பிளேடு என்று பெயர்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். மேட்டச்சிலும் சமதள அச்சிலும் ஓர் இடத்தில் மை உண்டு, அல்லது இல்லை. இடைநிலை என்பதே கிடையாது. சாம்பல் நிறம் வேண்டுமானால் சின்னதும் பெரியதுமான புள்ளிகளைத் தெளித்துக் கண்ணை ஏமாற்ற வேண்டும். பழைய செய்தித்தாள் பிளாக்குகளில் அங்குலத்துக்கு 65 வரிசைப் புள்ளிகள் இருக்கும். ஒரு தலைவரின் கன்னம் அம்மை வார்த்த கன்னம் போலத் தெரிந்ததன் காரணம் அதுதான். குழியச்சில் அந்தக் கதி இல்லை. ஆழமான குழியில் அதிக மை, ஆழமற்ற குழியில் கொஞ்சம் மை. புள்ளியின் அளவால் மட்டுமல்ல, மையின் கனத்தாலேயே ஒரு நிறத்தை ஏற்றவும் இறக்கவும் முடிகிறது. மையும் தண்ணீர் போல நெகிழ்ந்தது. நிழல் செறிந்த இடங்களில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளின் மை தாளில் ஒன்றோடொன்று கலந்து, இடையிலுள்ள வரப்புகளை மூடிவிடுகிறது. நிழல் நிழலாகவே விழுகிறது. வேறு எந்த அச்சு முறைக்கும் இந்த அளவில் வாய்க்காத குணம் இது.

குழியைத் தோண்டும் விதத்தில்தான் படத்தின் சுபாவம் நிர்ணயமாகிறது. முதலில் வந்த முறை ரசாயனத்தால் அரிப்பது. கார்பன் டிஷ்யூ என்று ஒரு தாள். அதன்மேல் ஜெலட்டின் பூச்சு. ஒளி பட்ட இடத்தில் ஜெலட்டின் இறுகும். படாத இடத்தில் இளகியிருக்கும். படத்தின் வெளிச்சமான பகுதியில் அது தடித்த தோலாகவும், நிழலான பகுதியில் மெல்லிய தோலாகவும் உருளைமேல் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசலை ஊற்றுகிறார்கள். மெல்லிய தோலை அது சீக்கிரம் ஊடுருவிச் செம்பை ஆழமாக அரிக்கிறது. தடித்த தோலை மெதுவாகத் தாண்டி லேசாக அரிக்கிறது. குழிகளின் வாய் எல்லாம் ஒரே அளவு. ஆழம் மட்டும் வேறு வேறு. மிக ஆழமான குழிகூட ஒரு மில்லிமீட்டரில் 25-இல் ஒரு பங்குக்கு மேல் போகாது. தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. அங்குலத்துக்கு 150 வரிசை என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர அங்குலத்தில் 22,500 குழிகள். அத்தனையும் முடிந்த பிறகு தேய்மானம் தாங்குவதற்காகக் குரோமியம் பூசுகிறார்கள்.

அரிப்பவனுடைய கண்தான் இங்கே ராஜா. கரைசலின் செறிவை எப்போது மாற்றுவது, எப்போது தண்ணீர் ஊற்றி நிறுத்துவது என்பதெல்லாம் அவன் தீர்மானம். அன்றைய வெப்பமும் காற்றின் ஈரமும் அவனோடு மல்லுக்கு நிற்கும். ஒரு நிமிஷம் தாமதித்தால் கண்ணின் நிழல் கரிப்பிடித்த சட்டியாகிவிடும். ஒரு நிமிஷம் அவசரப்பட்டால் முகம் பவுடர் பூசிக்கொள்ளும். ஒரே படத்தை இரண்டு தடவை அரித்தால் இரண்டும் அச்சாக ஒன்றுபோல இராது. ஓவியன் பெயர் படத்தின் மூலையில் இருக்கிறது. புகைப்படக்காரர் பெயர் கீழே இருக்கிறது. அரித்தவன் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை. மொழிபெயர்ப்பாளன் பெயரை அட்டையில் போடாத பதிப்பாளர்களை நாம் கண்டிக்கிறோம். இவனும் ஒரு மொழிபெயர்ப்பாளன்தான். ஒளியின் பாஷையை ஆழத்தின் பாஷைக்கு மாற்றுகிறவன்.

இரண்டாவது முறையில் ஆழம் எல்லாம் ஒன்று. வாய் மட்டும் சிறிதும் பெரிதுமாக மாறும். அதிகப் பிரதிகளுக்கு ஒரே மாதிரி விளைவு கிடைக்கும். ஆனால் நிழலின் நெகிழ்ச்சி குறையும். மூன்றாவது முறை 1960-களில் ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து வந்தது. ருடால்ஃப் ஹெல் என்பவரின் ஸ்தாபனம் செய்த ஹீலியோ கிளிஷோகிராஃப் என்ற இயந்திரத்தில், ஒரு வைர முனை மின்சாரத்தின் கட்டளைப்படி துடித்துத் துடித்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான குழிகளைச் செம்பில் வெட்டுகிறது. தலைகீழாய் நிற்கும் பிரமிடுகளைப் போன்ற குழிகள். வைரம் ஆழ இறங்கினால் வாயும் அகலமாகிறது. ஆகவே ஆழமும் அகலமும் சேர்ந்தே மாறுகின்றன. பிறகு லேசர் கதிரால் உலோகத்தை ஆவியாக்கிக் குழி எடுக்கும் முறையும் வந்தாயிற்று. இன்று பாக்கெட் அச்சில் வைர முனைக்கே செல்வாக்கு அதிகம்.

நஷ்டம் எது, லாபம் எது? வைர முனை வந்ததால் இன்று வெட்டிய உருளையும் அடுத்த வருஷம் வெட்டும் உருளையும் ஒன்றுபோல இருக்கின்றன. இது பெரிய லாபம். தினமும் லட்சக்கணக்கில் ஒரே படத்தைப் போடுகிறவனுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் பழைய அரிப்பில் வந்த மிருதுவான நிழல், ஒரு தொனி எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அந்த வழுக்கல், வைர முனையில் முழுவதும் கிடைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். இதைப் பழமை மோகம் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சில தபால் தலைகளைப் பார்க்கட்டும்.

1948 ஆகஸ்டு 15-ஆம் தேதி காந்திக்கு நான்கு தபால் தலைகள் வந்தன: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். கதரையும் கைத்தொழிலையும் போதித்தவருடைய முகத்தை ஸ்விட்சர்லாந்தில் கூர்வாசியே என்ற கம்பெனியிடம் அச்சடிக்கக் கொடுத்தார்கள். அதைப் பற்றி அன்று எழுந்த மனத்தாங்கல் நியாயமானது. ஆனால் விமர்சகன் படத்தையும் பார்க்கவேண்டும். அது குழியச்சு. ஒன்றரை அணாத் தலையில் பழுப்பு மை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு மையைக் கொண்டே கன்னத்தின் ஒடுக்கமும் நெற்றியின் மேடும் வந்திருக்கின்றன. சுருக்கங்களைக் கோடாக இழுத்துக் காட்டவில்லை, நிழலாக விட்டிருக்கிறார்கள். வெயிலில் நடந்த தோல் என்று அதைப் பார்த்த உடனே தெரிகிறது. தேசத்துக்கு மனத்தாங்கல் தந்த ஒரு காரியம், அச்சுக் கலையில் தேசத்துக்கு ஒரு பாடமாகவும் அமைந்தது.

பாடத்தை நாம் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். 1952 அக்டோபர் முதல் தேதி நாசிக் அச்சகத்திலிருந்து கபீர், துளசிதாசர், மீரா, சூர்தாஸ், காலிப், தாகூர் ஆறு பேரும் தபால் தலைகளில் வந்தார்கள். நம் நாட்டில் குழியச்சில் அடித்த முதல் தபால் தலைகள் அவை. அவற்றைப் பார்க்கிறபோது ஒரு விஷயம் தெளிவாகிறது. தாகூருக்குப் புகைப்படம் உண்டு. கபீருக்கும் மீராவுக்கும் கிடையாது. குழியச்சு நிழலில் வாழ்கிற கலை. மூலத்தில் நிழல் இருந்தால் அதை வாங்கி வளர்க்கும். மூலம் கோட்டுச் சித்திரமானால் அதற்குச் செய்யத்தக்கது அதிகமில்லை. 1960-இல் நமக்கே இந்த ஒப்பீடு கிடைத்தது. பிப்ரவரியில் திருவள்ளுவர், செப்டம்பரில் பாரதி, இரண்டும் 15 நயா பைசா. வள்ளுவர் ஓவியன் கற்பனை செய்த உருவம். பாரதியோ காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்த மனிதர். எது நம்மை நேராகப் பார்க்கிறது என்று வாசகர்களே தீர்மானிக்கலாம்.

பம்பாயிலிருந்து வாரந்தோறும் வந்துகொண்டிருந்த இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி பத்திரிகையை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1993-இல் அது நின்றுபோயிற்று. அதன் படங்களுக்கு ஒரு வெல்வெட்டுத் தன்மை இருந்தது. அதே காலத்தில் நம் தமிழ்ப் பத்திரிகைகள் பிளாக்கை வைத்துக்கொண்டு சிரமப்பட்டன. நல்ல படம் வேண்டுமானால் தீபாவளி மலரில் தனியாக ஆர்ட் தாள் சேர்க்கவேண்டியிருந்தது. ஆர்ட் தாள் இல்லாமலே குழியச்சு நிழலைக் கொண்டுவந்துவிடும். ஒரு குறையையும் சொல்லவேண்டும். குழியச்சில் எழுத்தும் குழிகளாலேயே ஆகவேண்டும். ஆகையால் எழுத்தின் ஓரங்கள் பூதக்கண்ணாடியில் ரம்பப் பல் மாதிரி இருக்கும். சின்ன எழுத்தை நம்பிப் பிழைக்கிற என்னைப் போன்றவனுக்கு அது உகந்த முறை அல்ல.

இதுவரை சொன்னது கொடுக்கிற உருளையைப் பற்றி. வாங்குகிற பரப்பு பாதிப் பொறுப்பை ஏற்கிறது என்பது பலருக்கு உறைப்பதில்லை. தாள் என்பது நார்களின் பின்னல். நுண்ணோக்கியில் பார்த்தால் வைக்கோற்போர் மாதிரி இருக்கும். நிழலில் குழி நிறைய மை உண்டு. தாள் எப்படி இருந்தாலும் அது பாய்ந்து பற்றிக்கொள்ளும். வெளிச்சமான பகுதியில் குழி சிறியது, மை துளி. தாளில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்துவிட்டால் தாள் குழியைத் தொடாது. மை உருளையிலேயே தங்கிவிடும். அப்படி விட்டுப்போன புள்ளிகளால் வெளுத்த பகுதி சொறிபிடித்தது போலாகிறது. மின்னூட்டத்தால் மையைத் தாளுக்கு இழுக்கும் உபாயம் ஒன்று உண்டு. ஆனால் அடிப்படையான பரிகாரம் தாளை வழவழப்பாக்குவதுதான். அதற்கு வேண்டியது வெண்களிமண்.

மிக நுண்ணிய வெண்களிமண்ணை நார்களின் இடுக்குகளில் நிரப்பியும் மேலே பூசியும், உருளைகளுக்கு நடுவே அழுத்தி மெருகேற்றுகிறார்கள். நாம் "பளபளக்கும் தாள்" என்று தடவிப் பார்ப்பது பெரும்பாலும் களிமண்ணைத்தான். பீங்கான் கோப்பைக்கும் இதே இனத்து மண்தான் உயிர். கம்மாபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் அடுக்குகளில் வெண்களிமண் இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியிருக்கிறது. அங்கே பொம்மை செய்கிறவர்களும் குழியை நம்பிப் பிழைப்பவர்களே. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் குடைந்த அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் சுவரில் படிந்து உருவமாகிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அச்சு பழசாகத் தேயத் தேயப் பிள்ளையாரின் கண் மழுங்கும். குழியும் சரியாக இருக்கவேண்டும், வாங்குகிற பொருளும் சரியாக இருக்கவேண்டும் என்பதைப் பொம்மைக்காரருக்கு எந்த விமர்சகனும் சொல்லவேண்டியதில்லை.

பெட்டிக்கடைப் பாக்கெட் தாளல்ல, பிளாஸ்டிக் மென்படலம். அதில் நாரும் இல்லை, பள்ளமும் இல்லை. கண்ணாடி மாதிரி மட்டமான பரப்பு. ஆகவே தாளில் விட்டுப்போகும் நுண்ணிய புள்ளிகள் இதில் பெரும்பாலும் விழுந்துவிடுகின்றன. இன்னொரு நுணுக்கமும் உண்டு. படத்தை வெளிப்புறத்தில் அல்ல, படலத்தின் உட்புறத்தில் இடவலம் மாற்றி அச்சிடுகிறார்கள். முதலில் நிறங்கள், கடைசியில் வெள்ளை. அதன்மேல் இன்னொரு படலத்தை ஒட்டிவிடுகிறார்கள். நாம் படலத்தினூடே படத்தைப் பார்க்கிறோம். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் இதே வரிசைதான். கண்ணாடியின் பின்புறத்தில் முதலில் நகையின் முத்தையும் கண்ணின் கோட்டையும் போட்டு, பிறகு உடலின் நிறம், எல்லாவற்றுக்கும் பின்னால் பின்னணி. தஞ்சாவூர்க் கலைஞனின் உபாயத்தை ஒரு ரூபாய் ஷாம்பு வேறு வழியாக வந்து எட்டியிருக்கிறது.

உபாயம் மட்டுமல்ல, உருளையே ஒரு சுற்று சுற்றி வந்ததுதான். பரங்கிப்பேட்டையும் கடலூரும் அடங்கிய இந்தச் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து சாயத் துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அவற்றின்மேல் அங்கே ஏற்பட்ட மோகத்தைக் கண்டு, உள்ளூர் நெசவாளிகளைக் காப்பாற்ற இங்கிலாந்து 18-ஆம் நூற்றாண்டில் தடைச் சட்டங்கள் போட்டது. இறக்குமதிக்குப் பதிலாகத் தாங்களே பூப்போட்ட துணி அச்சிடக் கற்றார்கள். 1783-இல் தாமஸ் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் செதுக்கிய செப்பு உருளையால் துணி அச்சிடும் முறைக்கு உரிமை பெற்றார். அந்தத் துணி அச்சுத் தொழிலில் ஊறிய லங்காஸ்டர் நகரத்துக்குத்தான் கார்ல் கிளிச் போய்ச் சேர்ந்தார். 1879-இல் வியன்னாவில் புகைப்படத்தைச் செப்புத் தகட்டில் அரிக்கக் கண்டவர் அவர். துணி உருளையையும் புகைப்பட அரிப்பையும் ஒன்றாக இணைத்து, 1895-இல் ரெம்பிராண்ட் என்ற பெயரில் அங்கே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். முறையைப் பல வருஷம் ரகசியமாக வைத்திருந்தார்கள். நம் கரையின் துணியைப் போலச் செய்யப் பிறந்த உருளை, இன்று நம் கரைக்கே பாக்கெட்டாக வந்திருக்கிறது.

இத்தனை சாமர்த்தியத்தையும் வைத்துக்கொண்டு நாம் அச்சடிப்பது என்ன என்று கேட்கவேண்டிய இடம் இது. சரங்களில் சிரிக்கிற பெண்களைப் பாருங்கள். எல்லோரும் வெளுத்தவர்கள். சந்தனத்தில் பாலை ஊற்றிய மாதிரி ஒரு நிறம். அந்தச் சரத்தின் கீழ் நின்று ஒரு ரூபாயை நீட்டுகிற பெண்ணின் நிறத்தில் ஒரு முகத்தைத் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. இதை அநீதி என்று சொல்கிறவர்கள் பலர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். ஆனால் விமர்சகனுக்கு இன்னொரு புகாரும் இருக்கிறது. இது அச்சுக் கலைக்கே செய்யும் அநீதி.

குழியச்சின் பலம் நிழலில், பலவீனம் வெளிச்சத்தில். வெளுத்த கன்னம் முழுவதும் மிகச் சிறிய, மிக ஆழமற்ற குழிகளால் ஆனது. மை சற்று உலர்ந்தால் முதலில் அடைபடுவது அந்தக் குழி. குரோமியம் தேய்ந்தால் முதலில் மறைவது அந்தக் குழி. டாக்டர் பிளேடில் ஒரு துகள் சிக்கிவிட்டால் உருளை நெடுக ஒரு மெல்லிய கோடு விழும். கருங்கூந்தலில் அது கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைக் கன்னத்தில் கத்திக்கீறலாக நிற்கும். கத்தி சரியாக வழிக்காவிட்டால் படரும் லேசான மைப்புகையும் வெளுத்த இடத்தையே அழுக்காக்கும். சரத்தில் சில முகங்கள் சீக்காளி முகங்களாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கூந்தல் மட்டும் எல்லாவற்றிலும் பிரமாதமாக இருக்கும். காரணம் இதுதான். கூந்தலைக் குழியச்சு தன் இஷ்டப்படி செய்கிறது. முகத்தை நம் இஷ்டத்துக்குச் செய்கிறது.

ஒரு கறுத்த முகத்தை இந்த உருளையிடம் கொடுத்தால் என்ன ஆகும்? கன்னமும் கழுத்தும் நடுத்தரக் குழிகளிலும் ஆழ்ந்த குழிகளிலும் போய் உட்காரும். மையின் கனத்தாலேயே தோலுக்கு ஆழம் வரும். மூக்கின் ஓரத்தில் விழுகிற வெளிச்சத்துக்கு அப்போதுதான் அர்த்தம் ஏற்படும். கறுப்பில் பல படிகள் உண்டு என்பதை அறியாத ஜனங்கள் அல்ல நாம். விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயில் போன்ற எந்தப் பழைய கோயிலிலும் எண்ணெய் ஏறிய கருங்கல் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. இருட்டுக்குள் உதடு எங்கே, கண்ணிமை எங்கே என்று தேடிக் கண்டுகொள்ளும் பயிற்சி நமக்குப் பரம்பரையாக வந்தது. அந்தக் கண்ணுக்கு ஏற்ற அச்சு முறை ஒன்று உலகத்தில் இருக்குமானால் அது குழியச்சுதான்.

வியாபாரி சொல்லும் பதில் எனக்குத் தெரியும். கடையின் நிழலில், பத்தடி தூரத்தில், வெளுத்த முகம் பளிச்சென்று தெரியும். கறுத்த முகம் தெரியாது என்பார். பின்னணியை வெளுப்பாக்கினால் எந்த முகமும் தெரியும். அது எந்த ஓவியப் பள்ளி மாணவனுக்கும் தெரிந்த சங்கதி. கறுப்புக்கு மை அதிகம் செலவாகும் என்பார். கறுகறுவென்ற கூந்தலுக்குப் பாக்கெட்டில் பாதி இடத்தைக் கொடுக்கிறவர் மைக் கணக்குப் பேசக்கூடாது. மிஞ்சுவது ஒரே பதில்: ஜனங்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். பத்திரிகைக் கதையைப் பற்றியும் இதே பதிலைத்தான் நான் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். வேறொன்றைக் கொடுத்துப் பார்க்காதவர்கள் சொல்கிற பதில் அது.

அச்சகத்தின்மேல் பழி போடுவதும் சரியல்ல. வந்த படத்தை அவர்கள் போட்டுக் கொடுக்கிறார்கள். உருளையும் கத்தியும் நிறம் பார்ப்பதில்லை. விருத்தாசலத்துப் பொம்மைகளில் பலவற்றுக்கும் ரோஜா நிறக் கன்னம் தீட்டுவதைக் காண்கிறோம். அங்கே இயந்திரமே கிடையாது, தூரிகை பிடித்த மனிதக் கை மட்டும்தான். கார்மேக வண்ணன் என்று பாடப்பட்ட கண்ணனைக் காலண்டரில் நீலமாக்கி ஒப்பேற்றியிருக்கிறோம். குறை குழியிலும் இல்லை, பரப்பிலும் இல்லை. படத்தைத் தேர்ந்தெடுக்கிற மேஜையில் இருக்கிறது. அந்த மேஜைக்கு எதிரே ரசிகன் என்று ஒருவன் இருக்கவேண்டும். அவன் அச்சின் குணம் தெரிந்தவனாக இருந்தால் "படம் மோசம்" என்று சொல்லிவிட்டுப் போகமாட்டான். "இந்த உருளையால் இதைவிட நல்ல முகத்தைக் கொடுக்க முடியும், ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்பான்.

காந்தியின் ஒன்றரை அணாத் தலையில் இருப்பது ஒரே ஒரு மை. இன்றைய பாக்கெட்டில் ஏழெட்டு உருளைகள், ஏழெட்டு மைகள். ஒரு மையால் அன்று ஒரு வெயில்பட்ட முகத்தைச் செய்ய முடிந்தது. கம்மாபுரத்துக் கடையில் தொங்கும் அடுத்த சரத்தில் அப்படி ஒரு முகத்தை எதிர்பார்ப்பது அதிகப்படியான ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.